சாவி உள்ளே, நான் வெளியே

பத்து நாளைக்கு முன்னால் பார்வதி அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். கீழ் லைன் வீடுகளில் குடியிருக்கிறார். வெள்ளிக்கிழமை அவர் மகள் சுமதிக்குத் திதி. படையலில் வைக்க ஒரு படம் பிரிண்ட் போட்டுத் தர வேண்டும் என்றார். போன வருஷம் நான் போட்டுக் கொடுத்தது ஈரத்தில் மை ஊறி, முகம் இருந்த இடத்தில் நீலக்கறைதான் மிச்சம்.

அதுக்கென்னக்கா, அஞ்சு நிமிஷ வேலை என்றேன்.

என் நாக்கில் சனி!

சுமதி பதினொரு வயதில் காய்ச்சலில் போனவள். கைப்பேசியில் படம் எடுக்கும் காலமில்லை அது. ஒரே ஒரு ஆல்பம், அதில் ஒன்பது படங்கள். கேமரன் மலைக் குளிரில் ஆல்பம் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். பூஞ்சணம் பிடிக்கும். அக்காவின் வீட்டுக்காரருக்கு மூச்சிழுப்பு வேறு... பூஞ்சணம் பிடித்த எதையும் வீட்டில் வைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா அதைத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டு வந்தார். நான் ஒன்பதையும் ஸ்கேன் செய்து என் சர்வரில் ஏற்றினேன்.

சர்வர் என்றதும் மிரள வேண்டாம். டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்தான். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று செத்தால் இன்னொன்று காப்பாற்றும். அதைக் கிளப்பிவிடுவது முதுகில் செருகிய ஒரு குட்டி பென் டிரைவ். அக்கம்பக்கத்துக் கல்யாணப் படங்கள், பிறப்புப் பத்திரங்கள் எல்லாம் அதற்குள்தான். இதைப் பற்றி இந்தப் பேப்பரில் இதே பத்தியில் பீற்றிக்கொண்டதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அன்றைக்கு அக்கா இரண்டு தடவை கேட்டார், நல்லா ஏறிடுச்சா தம்பி என்று. "எஸ்டேட்டே போனாலும் இது போகாதுக்கா. இனிமே அந்த ஆல்பம் வெறும் குப்பைதான்லா" என்றேன். போகியன்று பழசையெல்லாம் எரிக்கும் வழக்கம் எங்கள் லைனில் உண்டு. ஆல்பமும் அந்த நெருப்பில் போனது. நானும் பக்கத்தில் நின்று குளிர் காய்ந்தேன்.

சரி, இப்போதைய கதைக்கு வருவோம். அக்கா கேட்டுவிட்டுப் போன மறுநாள் காலை சர்வரைத் திறந்தால்... திறக்கவில்லை. திரையில் ஒற்றை வரி — கிளப்பிவிட எதுவும் கிடைக்கவில்லையாம். பென் டிரைவைப் பிடுங்கி, முனையை ரப்பரால் தேய்த்தேன். வேறு ஓட்டையில் செருகினேன். அரிசி டப்பாவுக்குள் ஒரு நாள் முழுக்கப் புதைத்து வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

காரணம் தெரிந்ததுதான். மலையில் மத்தியானம் ஆனால் இடி. இடி உறுமினால் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். லைன் வீட்டில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. என் மனைவி சாந்தா இந்த விஷயத்தில் மகா கெட்டிக்காரி. முதல் உறுமலுக்கே கை மெயினில் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தினம் தினம் கழுத்தை நெரித்தால் ஒரு பென் டிரைவ் எத்தனை நாள் தாங்கும்?

போகட்டும், டிஸ்க் இரண்டும் நல்லாத்தானே இருக்கு என்று பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்ப் புது பென் டிரைவ் வாங்கி வந்தேன். சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றினேன். டிஸ்க்குகளைக் கண்டுபிடித்துவிட்டது. அப்பாடா என்று கால் நீட்டி உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அது சாவி கேட்டது.

திருடன் பெட்டியைத் தூக்கிப் போனாலும் ஊரார் படங்களைப் பார்க்கக் கூடாது என்று டிஸ்க்குகளைப் பூட்டி வைத்திருந்தேன். பாஸ்வேர்டு போட்டிருக்கலாம். ஆனால் தினமும் இடிக்கு அணைத்து அணைத்துப் போடுகிற வீட்டில் ஒவ்வொரு தடவையும் யார் தட்டிக்கொண்டிருப்பது? அதனால் சாவியையும் அந்தப் பென் டிரைவிலேயே வைத்துவிட்டேன். கரண்ட் வந்தால் தானே திறந்துகொள்ளும். என்ன ஒரு மூளை!

பேக்கப் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தேனே. மாதம் தவறாமல் அந்தப் பென் டிரைவை முழுசாகக் காப்பி எடுத்தேன். 'ரொம்ப முக்கியம்' என்று பெயரிட்ட ஃபோல்டரில் வைத்தேன். அந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது? பூட்டிய டிஸ்க்குக்குள்ளே.

கோபம் யார் மேல் வரும்? மனைவி மேல்தான். கன்னாபின்னாவென்று கத்தினேன். சாந்தா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "மெயினை அடைச்சது நான்தான். சாவியை உள்ளே வச்சுப் பூட்டினது யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

செத்த பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்கு ஓடினேன். இந்த மாதிரி செத்ததை எழுப்பும் கடை ஒன்று அங்கே இருக்கிறது. கடைக்காரர் மூன்று நாள் வைத்துப் பார்த்தார். வியாழக்கிழமை போன் வந்தது. சிப்பே செத்துப்போச்சு அண்ணே, விட்டுடுங்க என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கீழ் லைனுக்குப் போனேன். இலை போட்டு வடை, பாயசம் எல்லாம் வைத்திருந்தது. நடுவில் படத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"ஒன்பதுமா தம்பி?"

"ஒன்பதும்க்கா."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய்ப் போன வருஷத்து நீலக்கறைத் தாளைக் கொண்டுவந்து அந்த இடத்தில் சாய்த்து வைத்தார். சூடம் காட்டினார். நான் கும்பிட்டேன். கண்ணை மூடி அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. ஒன்பது படத்தையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஸ்கேன் செய்தவன் நான். ஒரு முகம்கூட ஞாபகத்தில் இல்லை. வெட்கமாக இருந்தது.

கிளம்பும்போது அக்கா கூப்பிட்டார்.

"நீங்க பேப்பர்ல எழுதறவர்தானே? நான் சொல்றேன், எழுதிக்குங்க."

சொன்னார், எழுதிக்கொண்டேன். வலது கன்னத்தில் குழி விழும், இடதில் விழாது. முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும், குழாயடியில் விழுந்தது. இடது புருவத்தில் அம்மைத் தழும்பு. சுருட்டை முடி, ரிப்பன் நிற்கவே நிற்காது. படம் எடுக்க நிறுத்தினால் கண்ணை மூடிக்கொள்வாள். ஒன்பதில் நாலு படத்தில் கண் மூடித்தான் இருக்கும். அந்த நாலைச் சொல்லும்போது அக்கா சிரித்தார். 

இப்போது என் வீட்டில் மூன்று பென் டிரைவ் இருக்கிறது. புதுச் சாவியைத் தாளிலும் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். காலி டிஸ்க்குக்கு எத்தனை காவல், பாருங்கள்.

இந்த வாரப் பேப்பரை மட்டும் வடை மடிக்கப் போட்டுவிடாதீர்கள். சுமதிக்கு உங்கள் வீட்டிலும் ஒரு காப்பி இருக்கட்டும்.