ஆற்றில் முன்னே நடந்தவர்

வாங்கி இரண்டு வாரம்கூட ஆகாத என் ஃபோர்வீல் ஜீப்பின் மட்கார்டில் லகாட் ஊர்ப் பட்டறைக்காரர் ஓட்டை போட்டபோது, நான் வேறுபக்கம் திரும்பிக்கொண்டேன். தண்ணீரில் இறங்கினாலும் எஞ்சின் மூச்சுவிட வேண்டுமாம். அதற்குத்தான் கூரை உயரத்துக்கு ஒரு கறுப்புக் காற்றுக் குழாய். தாய்லாந்து வரை காட்டுவழியில் போகப்போகிறேன் என்று எங்கள் ஊர் சிலிபின் முழுக்கப் பீற்றிக்கொண்டவன் நான்தான்.

பட்டறைக்காரர் ஒல்லியான மனிதர், மீசையில் எப்போதும் கிரீஸ். குழாயைச் சோதித்துப் பார்க்க, பழைய ரப்பர் தோட்டத்து ஆற்றுக்குக் கூட்டிப்போனார். பாலம் எப்போதோ இடிந்துவிட்டது. செருப்பைக் கழற்றி என் புத்தம்புது டேஷ்போர்டில் வைத்தார். எந்த ஆற்றில் இறங்கினாலும் அது அவர் வழக்கமாம்.

"அண்ணே, நான் முன்னால நடக்குறேன். தண்ணி என் இடுப்புக்கு மேல போனா வராதீங்க. கண்ணாடிய எல்லாம் எறக்கி விடுங்க."

"எதுக்கு?"

"வெளிய வரணும்லா!"

கிளட்சை மெல்ல விட்டு அவர் பின்னால் வண்டியை ஆற்றில் இறக்கினேன். தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமிகளுக்கு வந்திருந்தேன். நடு ஆற்றில் தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டது.

"தம்பி, நீச்சல் தெரியும்ல?" என்று கத்தினேன்.

அவர் திரும்பாமலே சொன்னார். "தெரியாது. தெரிஞ்சிருந்தா நடந்து பாப்பேனா? நேரா வண்டிய வுட்ருப்பேன் லா."

வண்டி அக்கரை ஏறியதும் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, குழாயில் காதை வைத்துக் கேட்டுத் தலையாட்டினார். பள்ளியில் நீச்சலுக்குக் கோப்பை வாங்கியவன் நான். ஸ்டியரிங்கிலிருந்து என் விரல்களைப் பிரித்தெடுக்க அவர்தான் உதவ வேண்டியிருந்தது.

அவருடையது பயமா, தைரியமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. என்னுடையதில் சந்தேகமே இல்லை.