எனக்காக அவர் சொன்ன 'வேண்டாம்'

பாகலூரிலிருந்து தினமும் ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தவள் நான். மார்பகப் புற்றுநோய் வந்து, பெங்களூரு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துவருகிறேன். கணவரோடு அவருடைய அண்ணனும் வருவார்; அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். எனக்குக் கன்னடம் அரைகுறை என்பதால் மாமாதான் எல்லோரிடமும் பேசுவார்.

போன மாதம் நர்ஸ் என்னிடம், "ஏம்மா, புது மருந்து ஆராய்ச்சில சேர வேணாம்னுட்டீங்க?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஸ்கேனுக்குப் போயிருந்த நேரத்தில் மாமாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் அங்கேயே மறுத்துவிட்டார்.

வெளியே வந்து, "என்னைக் கேக்காம எப்படி மாமா சொன்னீங்க?" என்றேன்.

"எலிக்குக் குடுத்துப் பாக்கற மருந்தும்மா அது. உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

என் கணவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாமாவை விடவில்லை.

"முடி கொட்டுனது எனக்கு. வாந்தி எடுத்தது நான். பதில் சொல்ல மட்டும் நீங்களா?"

தனியாகவே டாக்டரிடம் போனேன். நல்லவேளை, ஆராய்ச்சியில் இன்னும் இடம் இருந்தது. பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், பக்கவிளைவு வரலாம், பிடிக்காவிட்டால் பாதியில் விலகலாம் என்று தமிழிலேயே பொறுமையாகச் சொன்னார். சந்தேகங்களைக் கேட்டுவிட்டு, நானே சம்மதம் சொன்னேன்.

மருந்து எனக்குப் பலிக்குமா என்று இன்னும் தெரியாது. கோபமும் ஆறவில்லை. இப்போதெல்லாம் டாக்டர் அறைக்குள் நான் மட்டும்தான் போகிறேன். மருத்துவமனையில் கொடுத்திருந்த மாமாவின் போன் நம்பரை எடுக்கச் சொல்லி, என் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.