எக்ஸ்போர்ட்டுக்குப் பன்னிரண்டு, லோக்கலுக்கு ஆறு

எண்பதுகளின் கடைசியில், ஷூவின் மேல்பாகம் தைத்து ஜெர்மனிக்கு அனுப்பும் ஆம்பூர் கம்பெனி ஒன்றில் நான் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகக் கல்யாணமானவன். மனைவி அரக்கோணத்தில் டீச்சர். சனிக்கிழமை சாயங்கால பாசஞ்சரைப் பிடித்தால் ராத்திரிச் சாப்பாடு அவளோடு. விட்டால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்து, அவள் கோபம் தணிவதற்குள் திரும்பக் கிளம்ப வேண்டும். வாரக்கூலிக் கணக்கு முடிப்பதும் அதே சனிக்கிழமை. எனவே பெரும்பாலும் விட்டுவிடுவேன்.

இந்த நிலையில்தான் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கப்போவதாக அறிவித்தார். மெட்ராஸிலிருந்து வந்த விற்பனைக்காரர் இரண்டு பெட்டிகளை மேஜைமேல் வைத்தார். ஒன்று எக்ஸ்.டி., பழைய ரகம், விலை கம்மி. இன்னொன்று புதிதாக வந்திருந்த டூ எய்ட்டி சிக்ஸ், விலை கேட்டால் தண்ணீர் குடிக்கத் தோன்றும்.

முதலாளி தோலோடு வளர்ந்தவர். ஒரு தோலைத் தடவி, மடக்கி, சதைப்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, இது ஃபர்ஸ்ட், இது ரிஜெக்‌ஷன் என்று மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுவார். கம்ப்யூட்டருக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது.

"இதுல எது வேலை செய்யுது? அத்தக் காட்டு."

விற்பனைக்காரர் மூடியைக் கழற்றி, சதுரமாக இருந்த ஒரு கறுப்புச் சில்லைக் காட்டினார். "இதாங்க சார் பிராசசர்."

"இத்துனூண்டா? இதுக்கா இவ்ளோ வெல?" குனிந்து மோந்தும் பார்த்தார். "எடுத்துக் குடு. பின்பக்கம் பாக்கணும்."

"ஐயோ சார், அதெல்லாம் எடுக்கக் கூடாது."

"பின்பக்கம் பாக்காம இன்னான்னு செலக்‌ஷன் போடறது?"

விற்பனைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. நான் குறுக்கே புகுந்தேன். இரண்டு பெட்டியிலும் ஒரே கூலிக் கணக்கைப் போட்டு ஓடவிடலாம் என்றேன். ஓடவிட்டார்கள். எக்ஸ்.டி. பாதி ஆட்களைக்கூடத் தாண்டாமல் திணறிக்கொண்டிருந்தபோது டூ எய்ட்டி சிக்ஸ் வேலையை முடித்துவிட்டுச் சும்மா நின்றது. எனக்கு அந்தத் திரையில் அரக்கோணம் தெரிந்தது. விலையைப் பார்க்கக் கூடாது, உழைப்பைப் பார்க்க வேண்டும் என்று நான் வாதாடியதை விற்பனைக்காரரே வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

வாங்கியாகிவிட்டது. வம்பு பெட்டியின் முகப்பில் இருந்தது. அங்கே டர்போ என்று ஒரு பொத்தான், பக்கத்தில் சிவப்பாக எரியும் எண். பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டு, முழு வேகம். மறுபடி அழுத்தினால் ஆறு, பாதி வேகம். சில பழைய புரோகிராம்கள் முழு வேகத்தில் தடுமாறும், அவற்றுக்காகத்தான் ஆறு என்று விளக்கினார் விற்பனைக்காரர்.

முதலாளி தாடியைத் தடவினார். "அப்ப பன்னண்டு எக்ஸ்போர்ட்டுக்கு. லோக்கல் வேலைக்கு ஆறு."

"எப்பவுமே பன்னண்டுல ஓட்டலாம் சார். தேயாது."

"எல்லாம் தேயும்பா."

எங்கள் ஊர் தர்மம் அது. நல்ல தோல் கப்பல் ஏறும், மிச்சம் உள்ளூருக்கு. ஜெர்மனிக்குப் போகும் இன்வாய்ஸ் பன்னிரண்டில் பறந்தது. கூலிக் கணக்கு லோக்கல் என்பதால் ஆறில் ஊர்ந்தது. திருட்டுத்தனமாக அழுத்தவும் வழியில்லை, அவருடைய கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் அந்தச் சிவப்பு எண் பளிச்சென்று தெரியும். ரயில் வழக்கம்போல் என்னை விட்டுவிட்டுப் போனது.

சில மாதம் கழித்துப் பெட்டி படுத்துவிட்டது. மெக்கானிக் வந்தார், பிரித்தார், உள்ளே படிந்திருந்த தோல் தூசியைத் துடைத்தார், மூடினார். அந்தச் சனிக்கிழமை, எண் ஆறு என்று எரிய, கூலிக் கணக்கு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை பன்னிரண்டில் போட்ட இன்வாய்ஸ் நொண்டியது. எனக்கு விளங்கிவிட்டது. அந்த எண் வேகத்தை அளந்து காட்டுவதில்லை. பொத்தான் எந்த நிலையில் இருந்தால் எந்த எண் எரிய வேண்டும் என்று உள்ளே அமைத்து வைப்பதுதான். மெக்கானிக் அதைத் தலைகீழாக அமைத்துவிட்டுப் போயிருந்தார்: இப்போது ஆறு எரிந்தால் முழு வேகம், பன்னிரண்டு எரிந்தால் பாதி. அவர் நன்றாக இருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை, வாராவாரம் ரயிலைப் பிடித்தேன். நான் திருந்திவிட்டதாக என் மனைவி நினைத்தாள்.

அப்புறம் எங்களிடம் வாங்கும் ஜெர்மன்காரர் சரக்கு பார்க்க வந்தார். முதலாளி அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துத் தன் கையாலேயே பொத்தானை அழுத்தினார். பன்னிரண்டு எரிந்தது. பேக்கிங் லிஸ்ட் ஒவ்வொரு வரியாக நகர்ந்து வந்தது.

"பாத்தீங்களா வேகத்த! டுவெல்வ்!" என்றார் முதலாளி.

ஜெர்மன்காரர் எண்ணைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "வெரி ஃபாஸ்ட்" என்று தலையாட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் என் கண்ணுக்கும் அது வேகமாகத்தான் பட்டது.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். ஜெர்மன்காரரை வழியனுப்பிவிட்டு வந்த முதலாளி என் தோளில் கை வைத்தார். "தம்பி, நீ சனிக்கெழம ரயிலுக்கு அல்லாடறது எனக்குத் தெரியும். இனிமே கூலிக் கணக்கையும் பன்னண்டுலயே போடு. தேஞ்சா தேயட்டும்."

இத்தனை நாள் நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. கையெடுத்துக் கும்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தச் சனிக்கிழமை அவரே வந்து பொத்தானை அழுத்திக் கொடுத்தார். கணக்கு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. பாசஞ்சர் ஊதிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"இன்னா தம்பி, இன்னுமா போவல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மொதலாளி, மெசின் தேயறது மனசுக்குக் கஷ்டமா இருக்குது. லோக்கலுக்கு ஆறே போதும்."

அவர் கண் கலங்கிவிட்டது. என்னை வெளியே கூட்டிப்போய், தையல் பகுதிக்கே கேட்கும்படி சொன்னார்: "பாருங்கப்பா, ஆளுன்னா இவன் ஆளு. எக்ஸ்போர்ட் குவாலிட்டி!"

அடுத்த சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது இதை மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள், "அவரு ஒங்கள இன்னும் பின்பக்கம் திருப்பிப் பாக்கல."