பன்னிரண்டரை மணி நேரம்

தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் பக்கம் காது குத்துவதில்லை. என் மகளுக்கு இருக்கும் ஒரே தாய்மாமன், என் தம்பி, சான்பிரான்சிஸ்கோவில் இருக்கிறான்.

"வியாழக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு ஏறுறேன்க்கா. சிங்கப்பூருக்குப் பதினேழு மணி நேரம், அங்க ஒரு மணி நேரம் நின்னு, திருச்சிக்கு நாலு மணி நேரம். டிக்கெட்டை அனுப்பட்டா?"

"வேணாம். எனக்குக் கணக்கு தெரியும்."

குன்னம் பள்ளியில் பத்து வருடமாகப் புவியியல் நடத்துகிறவள் நான். என்னிடம் டிக்கெட்டைக் காட்டுவதாவது. மொத்தம் இருபத்திரண்டு மணி நேரம், அதாவது வெள்ளி இரவு ஒன்பதுக்குத் திருச்சி. சனிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் காதுகுத்து என்று பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்குச் செய்தி வந்தது: "அக்கா, ஏறிட்டேன்."

என் கணக்குப்படி அவன் பாதிக் கடலைத் தாண்டியிருக்க வேண்டும். மேசை மேல் இருந்த பூகோள உருண்டையைப் பார்த்தேன். அங்கே வியாழன் இரவு என்றால் இங்கே வெள்ளி பகல்; பன்னிரண்டரை மணி நேரம் வித்தியாசம். போன வாரம்தான் இந்த நேர வித்தியாசத்தைத் தப்பாகச் சொன்ன பிள்ளைகளைப் பத்துத் தடவை எழுத வைத்திருந்தேன். அவன் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத்தான் இறங்குவான்.

என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "காலையில நானே கார் எடுத்துக்கிட்டுப் போறேன். டீச்சரம்மா இனிமே கணக்கு போடாம இருந்தா போதும்."

மறுநாள் கோயிலில் பந்தலுக்குக் கீழே எல்லோரும் என் போனைச் சுற்றி நின்றோம். திரையில் இருந்த வரைபடத்தில், வங்கக் கடல் மேல் அவன் வரும் விமானம் குட்டியாக நகர்ந்துகொண்டிருந்தது. அது கரையைத் தொட்டதும் எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. பதினாறாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரில் இனி இருநூறுதான் பாக்கி.

பத்தேகாலுக்குத்தான் தம்பியும் என் கணவரும் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தார்கள். காது குத்த வந்த பத்தர் ஊசியை எடுத்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார். மாமியார் மெதுவாக, "ஒன் சித்தப்பா மகனும் மாமன்தானே, அவனை உக்கார வச்சிரலாமா?" என்றார்.

"பன்னெண்டு வரைக்கும் நேரம் இருக்குங்க அத்தை" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

பதினோரு மணிக்குப் பாடாலூர் என்று காரிலிருந்து போன் வந்தது. பதினொன்று இருபதுக்குப் பெரம்பலூர். பதினொன்றே முக்காலுக்குக் கார் வந்து நின்றது. கசங்கிய சட்டையும் வீங்கிய காலுமாகத் தம்பி இறங்கி ஓடிவந்து, மணையில் உட்கார்ந்து கையை நீட்டினான்.

மூன்று வயது மகள் அவனை நேரில் பார்த்ததே இல்லை. என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இழுத்தும் வரவில்லை. இதை மட்டும் நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

தம்பி கையை மடக்கிக்கொண்டான். தினமும் போனில் கேட்பதையே கேட்டான்: "சாப்ட்டியாடி, கழுத?"

அவள் முகத்தை எடுத்தாள். கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள். "இன்னும் இல்ல மாமா" என்று சொல்லிக்கொண்டே போய் மடியில் உட்கார்ந்தாள்.

ஊசி ஏறியதும் அவள் வீறிட்டாள். தம்பியும் அழுதான், நானும் அழுதேன். மணி என்ன என்று நான் பார்க்கவேயில்லை.