கல்லூரியை விரட்டிய வரவேற்புக் குழு

திண்டுக்கல்லில் ஒரு வியாபாரிகள் சங்கத்தில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊருக்குக் கல்லூரி கொண்டுவரக் கிளம்பும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பெரிய மனிதர்கள் அந்தக் காரியத்தை எப்படிக் கெடுத்தார்கள் என்று தெரிந்தால், நீங்களாவது வேறு மாதிரி கெடுப்பீர்கள்.

ஊர் பைபாஸைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே போகிறது. விரும்பிய படிப்பைப் படிக்க மட்டும் பிள்ளைகள் வெளியூர் பஸ் ஏற வேண்டும். அப்போதுதான் ஒரு வெளியூர்ப் பல்கலைக்கழகம், இங்கே கிளை தொடங்க இடம் பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்னது. உடனே வரவேற்புக் குழு போட்டோம். தலைவர் மில் முதலாளி. செயலாளருக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. பொருளாளர் சித்தையன்கோட்டை உரக்கடைக்காரர்.

இவர்களை எல்லாம்விட ஆவலாகக் காத்திருந்தது எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் பிலோமினாதான். மகள் ரோஸ்லின் பிளஸ் டூவில் நல்ல மார்க். ஃபுட் டெக்னாலஜி படிக்க ஆசை. அப்பாக்காரர் ஒரே பிடியாக நின்றார்.

“ஹாஸ்டல் கீஸ்டல்னு அனுப்ப மாட்டேன். உள்ளூர்ல வந்தா படிக்கட்டும்.”

பேராசிரியை ஒருவரும் இன்ஜினியர் ஒருவரும் வந்தார்கள். நகரை ஒட்டிய புறம்போக்கு நிலத்தைக் காட்டுவதாகத்தான் தீர்மானம். கார் அகரம் பக்கம் திரும்பியது. அங்கே தலைவருக்கு நிலம் இருந்தது. மற்ற இருவருக்கும் வேறு வேறு பக்கம் நிலம் உண்டு.

பேராசிரியையைத் தனியாக அழைத்துப் போய்த் தலைவர் சொன்னார். “மேடம், இதான் எடம். மத்த ரெண்டு பேரு எடத்துலயும் போர் போட்டா புழுதிதான் வரும்.”

அடுத்து செயலாளரின் நிலம். “ஏனுங்க மேடம், அவிங்க ரெண்டு பேர் பக்கம் தண்ணி ஏதுங்க? கோடையில லாரித் தண்ணிதானுங்க.”

கடைசியாகப் பொருளாளர் தன் நிலத்தில் நின்று, “அவுக எடத்துல குடிக்கச் சொட்டுத் தண்ணி கெடையாது” என்றார்.

“அந்தப் புறம்போக்கு?” என்று இன்ஜினியர் கேட்டார்.

“அங்க தண்ணியே இல்ல” என்றார்கள் மூவரும் ஒரே குரலில். குழுவில் ஒற்றுமை என்று நான் பார்த்தது அந்த ஒரு நிமிடம்தான்.

பேராசிரியை சிரிக்கவில்லை. “ஊர்ல எங்கயுமே தண்ணி இல்லன்னு நீங்களே சொல்றீங்க. அத்தன பிள்ளைகள வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?” என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினார். அதற்குப் பிறகு ஒரு போன்கூட வரவில்லை.

தலைவர் கொஞ்சமும் அசரவில்லை. “போனாப் போறாங்க. அடுத்து வெளிநாட்டு யுனிவர்சிட்டியவே கூட்டியாருவோம்.” அவர் மகன் ஏற்கெனவே வெளிநாட்டில் படிக்கிறான். அவருக்கு என்ன அவசரம்?

மறுவாரம் பிலோமினா தலைவர் முன்னால் வந்து நின்றாள்.

“ஐயா, புள்ள வீட்ல சும்மா இருக்கா. மில்லுல ஏதாச்சும் வேல...”

“வரச் சொல்லும்மா. ஒனக்கு இல்லாததா? வேன் வாசலுக்கே வந்து ஏத்திக்கிரும், திரும்ப வாசல்லயே எறக்கிவிட்ரும். அம்புட்டுப் பாதுகாப்பு.”

பிலோமினா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

ஆகவே தம்பி, தங்கைகளே, கல்லூரிக்காரர்கள் இடம் பார்க்க வந்தால் நிலம் வைத்திருப்பவர்களைக் காரில் ஏற்றாதீர்கள். படிக்கக் காத்திருக்கும் ஒரு பெண்ணை முன்சீட்டில் உட்கார வையுங்கள். அவளே பேசட்டும். ரோஸ்லினைக் கூப்பிடலாம் என்று பார்த்தால், அவள் ஷிப்டுக்குப் போயிருக்கிறாள்.