கடைசியில் தூவும் உப்பு

மயிலாப்பூர் கச்சேரி சாலையில், சாந்தோம் பக்கம் போகும் முனையில், சாயங்காலம் ஐந்தரைக்குக் கரி அடுப்பைப் பற்றவைப்பவர் அஃப்சருன்னிசா. வயது நாற்பத்தெட்டு. ஆட்டு விலா, கோழித் தொடை, சீக் கபாப், இந்த மூன்றுதான் அவர் கடையில். கணவர் இனாயத் கம்பியில் கறி கோப்பார், பொட்டலம் கட்டுவார், வந்தவர்களிடம் அரட்டை அடிப்பார். ருசி முழுக்க அஃப்சருன்னிசாவின் பொறுப்பு. அரைத்த மசாலாவை விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்து, உப்பு எவ்வளவு என்று முடிவு செய்வார். பதினாறு வருஷத்தில் அது தப்பியதே இல்லை.

2021 கோடையில் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்திருந்தார். அவர் எழுந்துவிட்டார், நாக்கு எழவில்லை. ரசம் வெந்நீராக இருந்தது. ஊறுகாயைக் கடித்தால் ஈரத் துணியைக் கடிப்பது போலிருந்தது. ரெண்டு வாரத்தில் சரியாகும் என்றார் டாக்டர். மூன்று மாதம் ஓடிவிட்டது.

யாரிடமும் சொல்லாமல் கடையைத் திறந்தார். கைப்பழக்கம் போதும் என்று நினைத்தார். முதல் நாளே, உப்பு போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டாவது தடவையும் போட்டுவிட்டார். பக்கத்துப் பள்ளியில் பி.டி. மாஸ்டரான ஃபிரெட்ரிக் அன்று ஒரு பிளேட் விலாவுக்கு மூன்று பாட்டில் தண்ணீர் குடித்தார். எதற்கும் குரலை உயர்த்துகிற மனிதர், ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அதிலேயே அஃப்சருன்னிசாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து ருசி பார்ப்பது இனாயத்தின் வேலையானது. அவருக்கோ பிரஷர். எட்டு வருஷமாக அரை உப்புச் சாப்பாடு.

"ஐயோ, கடல் தண்ணி மாதிரி கீது. கொற!"

குறைத்தார். அதுவும் கரிக்கிறது என்றார். ஒரு வாரம் கடையில் விற்றது ஆஸ்பத்திரிச் சாப்பாடு.

ஃபிரெட்ரிக் இந்தத் தடவை சும்மா போகவில்லை. "அக்கா, இன்னா ஆச்சு உனக்கு? போன வாரம் ஒரே உப்பு, இந்த வாரம் வெறும் சக்கை."

"நாக்கு செத்துப்போச்சு மாஸ்டர்" என்றார் அஃப்சருன்னிசா. சொல்லும்போதே சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

இரண்டு நாள் கழித்து ஃபிரெட்ரிக் ஒரு பொட்டலத்தோடு வந்தார். "மரக்காணத்துல என் தங்கச்சி வூட்டாண்ட ஒரு அம்மா எடுக்குற உப்பு. ஆம்லெட் மேல தூவுனேன், நறுக்குனு கீது. உனக்கு எதுக்காவது ஆவுமான்னு பாரு."

மீன் செதில் போல மெல்லிய உப்பு. விரலிடுக்கில் வைத்து நசுக்கியபோது நொறுங்கும் சத்தம் கேட்டது. கையில் எவ்வளவு இருக்கிறது என்பது விரலுக்குத் தெரிந்தது, எங்கே விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

முதலில் அடுப்பில் இருக்கும்போதே தூவினார். பாதி கரியில் விழுந்தது, மீதி உருகிக் காணாமல் போனது. அடுத்த நாள் முறையை மாற்றினார். மசாலாவில் கிலோவுக்கு ஒரு ஸ்பூன் உப்பு மட்டும், தலை தட்டி. கறியை இறக்கி, மேலே கொழுப்பு கொதிப்பது அடங்கியதும், ஒரு முழம் உயரத்திலிருந்து செதில் உப்பு. ஃபிரெட்ரிக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டே இன்னொரு பிளேட்டுக்குக் கையை நீட்டினார்.

பொட்டலம் தீர்ந்ததும் ஒரு திங்கட்கிழமை கடையை மூடிவிட்டுக் கணவனும் மனைவியும் மரக்காணத்துக்கு பஸ் ஏறினார்கள். அந்த உப்பை எடுப்பவர் பெயர் ஹம்சா. உப்புப் பாத்தித் தண்ணீரின் மேல் பால் ஏடு மாதிரி மிதந்ததை அகலமான கரண்டியால் அள்ளிக்கொண்டிருந்தார்.

"காத்து அடிச்சா ஏடு ஒடஞ்சு அடியில போயிடும். வெயிலும் இருக்கணும், காத்தும் கூடாது. மழை புடிச்சா இதுவும் கெடையாது" என்றார்.

அஃப்சருன்னிசா பத்து கிலோ சொன்னார்.

"கறிக்கா?" என்று ஹம்சா சிரித்தார். "ஓட்டல்காரங்கதான் வாங்குவாங்க. நான் இத மாங்காய்க்குத் தொட்டுக்குவேன்."

டிசம்பரில் ஃபிரெட்ரிக்கின் மகள் ரெனிட்டாவுக்குச் சாந்தோமில் கல்யாண வரவேற்பு. இருநூறு பேருக்கு விலா. அன்று மழை. டப்பாவைத் திறந்தால் கடல் காற்றின் ஈரத்தில் உப்பு கட்டியாகிக் கிடந்தது. இனாயத் தலையில் கை வைத்துக்கொண்டார். அஃப்சருன்னிசா ஒரு தோசைக் கல்லை அடுப்பின் ஓரத்தில் வைத்து, உப்பைப் பரப்பி, விரலால் கலைத்துக்கொண்டே இருந்தார். கால் மணி நேரத்தில் செதில்கள் பிரிந்து சலசலத்தன. பந்தியில் ரெனிட்டா பட்டுப் புடவையோடு அடுப்படிக்கே வந்து நின்று, வளையல் கையால் மூன்று விலா தின்றாள். அப்பா ஃபோட்டோவுக்குக் கூப்பிட்டதற்கு, "வெயிட் பண்ணு டாடி" என்றாள்.

பிப்ரவரியில் ஒரு காலை. இனாயத் போட்டுக் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்த அஃப்சருன்னிசா டம்ளரைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். கசந்தது.

"ஏங்க, இதுல சக்கர போட்டீங்களா?"

இனாயத் திருதிருவென விழித்தார். "அது... ரெண்டு பேருக்கும் நல்லதுன்னு... உனக்குத்தான் தெரியாதுன்னு..."

"எத்தினி மாசமா?"

"ரம்ஜானுக்கு இன்னா துணி எடுக்கலாம், சொல்லு" என்று பேச்சை மாற்றப் பார்த்தார் அவர்.

அஃப்சருன்னிசா சர்க்கரை டப்பாவை எடுத்து மூன்று ஸ்பூன் போட்டு, கலக்கி, நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தார்.