சோறு வெந்த வாசம்

அடுப்பு மூட்டாத விடியலில், புதுச்சோறு வெந்து இறக்கியதுபோல ஒரு வாசம் வந்தது. மலைமேல் கொட்டச்சேட்டில் எங்கள் "ஊட்டில்" அப்போது நாள்தோறும் ராகிக் களிதான், நெல்லுச்சோறு "நோம்பி" பண்டிகைக்கு மட்டும். ஆறேழு வயதுப் பிள்ளையான நான் எச்சில் ஊற வாசத்தின் பின்னால் போய், கோழிக்கூடை கவிழ்ந்திருந்ததையும், வெடக்கோழி கழுத்தறுந்து கிடந்ததையும், நீண்ட வாலொன்று பனிமூட்டத்துக்குள் மறைந்ததையும் கண்டேன்.

"நாய்ங்கப்பா!" என்று கத்தினேன். மரநாயைத்தான் சொன்னேன். அதுவும் நாயில் ஒரு வகை என்றிருந்த எனக்கு முன்பாதி தேவைப்படவில்லை.

அப்பா எங்கள் நாய் செம்பன் கழுத்தில் கயிறு மாட்டினார். கோழி ருசி கண்ட நாயை வைத்திருக்கக் கூடாதாம், குப்பனூரில் விட்டுவிட வேண்டுமாம். அடிவாரத்தில் விட்ட நாய் எதுவும் மலையேறித் திரும்பியதில்லை.

"செம்பன் இல்லைங்கப்பா, மரத்து நாய்ங்க!"

"கோழி போனதுக்கு அழுவல, நாய்க்கு அழுவுது பாரு," என்றாள் அம்மா.

"கூடைய மோந்து பாருங்க, சோத்து வாசம் அடிக்குது!"

அப்பா கூடைக்குள் தலையை விட்டார். பிறகு மண்டியிட்டுச் செம்பன் வாயை மோந்தார். "இவன்கிட்ட நேத்துக் களி வாசந்தான் கண்ணு," என்று கயிற்றை அவிழ்த்தார். கொஞ்சுகிறார் என்றெண்ணிச் செம்பன் அவர் மீசையை நக்கியது.

நிமிர்ந்தால், பலாக்கொம்பில் அது படுத்திருந்தது. முகத்தில் கரி பூசியதுபோல் கறுப்பு, மூக்கு கீரிபோல, மீசை பூனைபோல, உடம்பளவு வால். எங்களை மனிதர்களென்று மதிக்காமல் ஒருமுறை பார்த்தது. அப்பா இடுப்பில் கொடுவாள் செருகியிருந்தது, அதை அவர் மறந்தே போனார்.

பிறகு பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சொன்னார்: "அது நாயுமில்ல, கீரியுமில்லீங்க. புஸ்தகத்துல புனுகுப்பூனைக் குடும்பத்துல சேத்திருக்கு. நாயைவிடப் பூனைக்குத்தான் கிட்டத்துச் சொந்தம்."

"அப்படீங்களா? பேரு வெச்சவன் மோந்து பாக்கலியாட்டங்க," என்றார் அப்பா.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான் நான். ஆனாலும் புத்தகத்துக்கு முன்னால் என் மூக்கு அதை இனம் பிரித்துவிட்டது என்பதில் எனக்கு இன்றும் "நொம்ப" பெருமை.

பலாமரம் இப்போதும் நிற்கிறது. காலையில் அதன் அடியில் காப்பிக்கொட்டைகள் எச்சத்தோடு கட்டிகட்டியாகக் கிடப்பதால், அது வந்துபோவது தெரிகிறது. விடியலில் அந்த வாசம் வரும்போதெல்லாம் எழுந்து ஓடுகிறேன்.

அடுப்படியில் மருமகள் பானையை இறக்கியபடி நிற்கிறாள். "சோறுதாங்க அத்தை," என்கிறாள்.